முட்டு எடுக்காத பதினெட்டு நாள்

கட்டடம் ஏன் லேட்டானது என்று, கட்டி முடித்து ஆள் குடிவந்த பிறகு உட்கார்ந்து கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இப்படிச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. "செத்தவனுக்கு வைத்தியமா?" என்று கேட்டாள் என் சித்தி. கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வைத்தியம் இல்லை சித்தி, யார் கொன்றது என்று சொல்வது, என்று வாய் வரை வந்தது. எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

கட்டச் சொன்னவர்கள், "நீ லேட்டாக்கினாய், அபராதம் கட்டு" என்பார்கள். கட்டியவர்கள், "நீ வரைபடம் தரவில்லை, மழை பெய்தது, ஆள் வரவில்லை, என்மேல் தப்பில்லை" என்பார்கள். இரண்டு பேரும் நடுவரிடம் போவார்கள். அதற்கு முன் எங்களை மாதிரி ஆட்களிடம் பெட்டி பெட்டியாகக் காகிதத்தை அனுப்புவார்கள். தாமதமான ஒவ்வொரு நாளையும் பிரித்து, இது இவனால், இது அவனால், இது கடவுளால் என்று நாங்கள் பேர் ஒட்ட வேண்டும். நூற்று நாற்பத்து மூன்று நாள் தாமதம் என்றால் நூற்று நாற்பத்து மூன்று பேர்ச்சீட்டு.

ஆபீஸில் ஏழு மேசை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அதில் ஒரு தண்ணீர்க் குழாய். காதில் எதையோ மாட்டிக்கொண்டு எல்லோரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். என் குடும்பத்தில் ஆபீஸ் என்ற இடத்துக்குள் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். போனபிறகுதான் தெரிந்தது, அங்கே பேச ஒன்றும் இல்லை என்று. தங்கியிருப்பது ஒரு மாடி அறை. சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்துவிடுவேன், உட்கார்ந்தால் எதிரே காலி நாற்காலி தெரியும் என்பதால். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரிடமும் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை "குட் மார்னிங் சார்" என்று சொல்லும்போது குரல் கரகரக்கும். சளியா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன்.

இந்தக் கதை ஒரு பெண்கள் ஹாஸ்டல் கட்டடத்தின் ஃபைலில் தொடங்குகிறது. நூற்று நாற்பத்து மூன்று நாள் தாமதம். எங்களுக்கு வேலை கொடுத்தது கட்டிய கம்பெனி. இருபத்தேழு பெட்டி வந்து இறங்கியது. முதல் பெட்டியின் மேலேயே கம்பெனியின் பேர் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் காது சூடானது.

ஃபைலைத் தொடுவதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். சம்பந்தப்பட்ட யாருக்காவது உறவா, பழக்கமா? ஆம், இல்லை. நான் "இல்லை"யில் டிக் போட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் கேவலமாக இருக்கிறது.

அந்தக் கட்டடத்துக்கு சென்ட்ரிங் மேஸ்திரி என் அப்பா.

சென்ட்ரிங் என்றால், தளம் போடுவதற்கு முன் அடியில் பலகை பரப்பி, முட்டு நிறுத்தி, கான்கிரீட் இறுகி தன் காலில் தானே நிற்கும் வரைக்கும் தாங்கிப் பிடிக்கிற வேலை. அப்பாவுக்குக் கீழே பதினோரு பேர் இருந்தார்கள். எப்போதும் இடுப்பில் ஒரு ரசமட்டம், குமிழ் வைத்து மட்டம் பார்க்கிற கருவி, செருகியிருப்பதால் அவரை எல்லோரும் 'ரசமட்டம்' என்றே கூப்பிடுவார்கள். வீட்டில் சாப்பாட்டுத் தட்டு வைக்கிற பலகைக்குக்கூட மட்டம் பார்ப்பார். "இந்தாள் என் பொட்டுக்கும் மட்டம் பாக்காம இருந்தாச் சரி" என்பாள் அம்மா.

ஐந்து வருஷத்துக்கு முன்பு, நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, அவர் வேறு ஊரில் அந்த ஹாஸ்டல் வேலையில் தங்கியிருந்தார். ஒருநாள் பையும் மஞ்சள் தொப்பியுமாக வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. பிறகு யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. பதினோரு பேரும் ஆளுக்கொரு திசையில் போனார்கள்.

ஏன் என்று எனக்குச் சொன்னது வேறொருவன். பயிற்சிக்காக அதே கம்பெனியின் இன்னொரு கட்டடத்துக்கு என்னை அனுப்பினார்கள். அங்கிருந்த சூப்பர்வைசர் என் அப்பா பேரைக் கேட்டுவிட்டு, "ஓ, ஓடிப்போன மேஸ்திரி பொண்ணா? நீயாவது சாயங்காலம் வரைக்கும் இருப்பியாம்மா?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். அதன்பிறகு தினமும் நான் கிளம்பும்போது, "என்ன, ஓடுறியா?" ஒரு மாதம் முழுக்க. கடைசி நாள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் நின்று கேட்டேன். "நீ ஏன்பா ஓடின?"

அவர் கையைக் கழுவினார். தட்டில் பாதி சோறு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு என்றால் போனில் இரண்டு வார்த்தை. "சாப்டியா?" "சாப்டேன்." சாப்பிட்டிருக்க மாட்டேன். அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

ஆக, அந்த ஃபைலை நான் எடுத்தது ஆபீஸுக்காக இல்லை. என் அப்பா ஏன் ஓடினார் என்று காகிதத்திலாவது தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

தேடிய இடம் சீக்கிரமே கிடைத்தது. கட்டடத்தின் தினசரி டைரியில், ஆறாம் தேதி திங்கள் முதல் இருபத்து மூன்றாம் தேதி வியாழன் வரை பதினெட்டு நாளுக்கு ஒரே வரி: 'ஊர் முழுக்கக் கூலியாட்கள் வேலைநிறுத்தம். சென்ட்ரிங் ஆட்கள் ஓடிவிட்டனர். வேலை இல்லை.' ஊரே வேலைநிறுத்தம் செய்தால் அது யார் குற்றமும் இல்லை, அபராதமும் இல்லை. எங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனிக்குப் பதினெட்டு நாள் லாபம். எங்கள் ஆபீஸை நடத்தும் சார், நமக்குச் சாதகம் என்று இந்தப் பக்கத்துக்கு மட்டும் பச்சைக் கொடி ஒட்டி வைத்திருந்தார்.

ஓடிவிட்டனர். மையால் எழுதியிருந்தது. பதினெட்டு முறை.

அன்றைக்கு முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது, கூடவே ஒரு கேவலமான நிம்மதியும். பார், எழுதியே வைத்திருக்கிறார்கள், நான் கேட்டதில் என்ன தப்பு? அப்புறம் தொழில் புத்தி மெதுவாகத் தலையைத் தூக்கியது. பதினெட்டு நாளும் ஒரே பேனா. ஒரே அழுத்தம். எல்லா நாளும் 'வானம் தெளிவு'. பன்னிரண்டாம் தேதியிலும் 'ஓடிவிட்டனர், வேலை இல்லை'. பத்தொன்பதாம் தேதியிலும் அதே.

பன்னிரண்டும் பத்தொன்பதும் ஞாயிற்றுக்கிழமை.

அந்தக் கட்டடத்தில் ஞாயிறு வேலையே கிடையாது. மற்ற ஞாயிறுகளில் எல்லாம் டைரியில் 'விடுமுறை' என்று ஒரு கோடு இழுத்திருந்தார்கள். வேலை இல்லாத நாளில் வேலைக்கு வராமல் எவன் ஓடுவான்? அன்றன்றைக்கு எழுதுகிறவனுக்குக் கிழமை தப்பாது. மொத்தமாக உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதுகிறவன்தான் காலண்டரைப் பார்க்க மறப்பான்.

டைரி ஆபீஸ் அறைக்குள் எழுதுவது. வெளியே எழுதுவது ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். பத்தொன்பதாவது பெட்டியில் இருந்தது. உடைந்த டார்ச், சாவிக்கொத்து, அதற்கடியில் கேட்டில் வாட்ச்மேன் வைத்திருந்த பதிவேடு. கோழி கிளறின மாதிரி கையெழுத்து, டீக்கறை, மழையில் ஊறி உப்பிய பக்கங்கள். இதையெல்லாம் யாரும் படிக்க மாட்டார்கள். கம்பெனிக்காரர்களும் படிக்காமல்தான் கட்டி அனுப்பியிருந்தார்கள்.

வாட்ச்மேன் ஆட்களின் பேரை எழுதவில்லை. தலையில் போடும் பாதுகாப்புத் தொப்பியின் நம்பரை எழுதியிருந்தார். நம்பர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். யாருக்கு எந்தத் தொப்பி என்ற பட்டியலும் அதே பெட்டியில் இருந்தது; இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆறாம் தேதி முதல் பார்த்தேன். கொத்தனார்கள் வந்திருக்கிறார்கள். பிளம்பர் வந்திருக்கிறார். வேலைநிறுத்தம் என்று ஒன்று அந்தக் கேட்டுக்கு அருகில்கூட வரவில்லை. எட்டாம் தேதியோடு வரிசையாகப் பதினோரு நம்பர் நின்றுபோயின. ஒரு நம்பர் மட்டும் நிற்கவில்லை. 41. உள்ளே ஏழே முக்கால், வெளியே ஆறு. ஒன்பதாம் தேதி, பத்தாம் தேதி, பதினொன்று. பன்னிரண்டாம் தேதி, ஞாயிறு, அந்தப் பக்கத்தில் மொத்தமே ஒரே ஒரு வரி.

41. உள்ளே ஏழே முக்கால். வெளியே ஆறு. மழை.

பட்டியலில் அந்த நம்பரைத் தேடினேன். 41, சென்ட்ரிங் மேஸ்திரி. எங்கள் வேலையில் ஓர் ஆதாரம் போதாது, இரண்டு வேண்டும். மாடிப்படிக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அப்பாவோட பழைய மஞ்சள் தொப்பி இருக்கா?"

"அதுல துணிக் கிளிப்பு போட்டு வெச்சிருக்கேன். ஏன், ஆபீஸ்ல தலைமேல ஏதாவது விழுதா?"

"விளையாடாத. அதுல என்ன நம்பர் எழுதியிருக்குன்னு பாரு."

"இரு, கிளிப்பைக் கொட்டணும்." கிளிப்புகள் தரையில் உருளும் சத்தம். "பாதி அழிஞ்சு கெடக்கு. நாலு. அப்புறம் ஒண்ணு. இல்ல ஏழா? இரு, கண்ணாடியப் போட்டுக்கறேன். ஒண்ணுதான்டி."

"சரிம்மா."

"என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு? சளியா?"

"ஆமாம்."

அப்புறம் கான்கிரீட் சோதனைத் தாளைத் தேடிப் பிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தளம் போடும் அன்றே அதே கலவையில் சின்னக் கட்டிகள் பிடித்து வைப்பார்கள். ஏழாம் நாள் சிலதை, இருபத்தெட்டாம் நாள் மீதியை, இயந்திரத்தில் நசுக்கிப் பலம் பார்ப்பார்கள். இந்தத் தளம், இரண்டாம் மாடி அறைகளுக்கு மேலே வருவது, போட்டது முந்தின மாதம் இருபத்தாறாம் தேதி. ஏழாம் நாள் சோதனையில் இருக்க வேண்டிய பலத்தில் பாதிதான் இருந்தது. கலவையில் கோளாறு. கம்பெனியின் சொந்தக் கோளாறு. அப்படியிருந்தும் பதினோராம் நாளே, அதாவது ஆறாம் தேதியே, முட்டுகளைக் கழற்றி அடுத்த தளத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி ஓர் உத்தரவுச் சீட்டு. அதன் அடியில், வாங்கிக்கொண்டவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலி. இருபத்தெட்டாம் நாள், அதாவது இருபத்து மூன்றாம் தேதி, இரண்டாவது சோதனையில் பலம் தட்டுத் தடுமாறித் தேறிவிட்டது. இருபத்து நான்காம் தேதி முட்டு எடுத்து, வேலை மறுபடி ஓடுகிறது. 41 அதற்கு மறுநாளிலிருந்து பதிவேட்டில் இல்லை.

அவர் ஓடவில்லை. கழற்ற மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். ஆட்கள் போனபிறகும் தனியாக. இரண்டு ஞாயிறு உட்பட.

அது திங்கட்கிழமை. மறுநாள் கையிலிருக்கும் ஆவணங்களின் பட்டியலை எதிர்த் தரப்புக்கு அனுப்ப வேண்டிய கெடு. பட்டியலில் ஏறிவிட்டால் அப்புறம் அப்படியொன்று இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட குப்பைப் பெட்டிகளுக்கு நாங்கள் வழக்கமாக எழுதுவது ஒரே வார்த்தை: 'இதர'. பத்தொன்பதாவது பெட்டி, இதர. அப்படி எழுதியிருந்தால் கதை முடிந்திருக்கும். வேலையும் பத்திரம். பதினெட்டு நாளும் ஓடிவிட்டனர்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை அந்த ஒரு கட்டத்தைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் ஓர் அட்டவணை போடுவதால் அவருக்கு ஆபீஸில் 'அட்டவணை' என்று பேர். காலிக் கட்டத்தைப் பார்த்தால் அவருக்கு உடம்பே அரிக்கும்.

"என்னம்மா, ஒரு கட்டம் காலியா இருக்கு?"

"யோசிக்கிறேன்ணா."

"யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? பெட்டிக்குள்ள என்ன இருக்கோ அத எழுது."

எழுதினேன். '19-07: கேட் பதிவேடு, ஆறாம் தேதி முதல் இருபத்து மூன்றாம் தேதி வரை உட்பட. 19-08: தொப்பி நம்பர் பட்டியல்.' அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை சார் கூப்பிட்டார். அவர் பேசும்போது பென்சில் சீவுவார். ஆபீஸில் யாரும் பென்சிலில் எழுதுவதில்லை. ஆனாலும் சீவிக்கொண்டே இருப்பார்.

"எதிர்ப் பக்கம் 19-07 நகல் கேக்குறாங்க. என்னம்மா அது?"

சொன்னேன். டைரி, ஞாயிறு, கொத்தனார்கள், சோதனைத் தாள், எல்லாம்.

"ஞாயித்துக்கிழமை எழுதினது கை தவறினதும்மா."

"ரெண்டு ஞாயிறா சார்?"

"ரெண்டு தரம் தவறிடுச்சு." சீவினார். "நமக்கு வேலை குடுத்தது யாரு?"

"கட்டினவங்க."

"அப்ப, அவங்க தலையில கல்லைத் தூக்கிப் போடறதுக்கா நம்ம வெச்சிருக்காங்க? சரி, அந்த நாப்பத்தொண்ணு யாரோ ஒரு ஆளு. கடப்பாரைய எடுக்க வந்திருப்பான். சும்மா படுத்துத் தூங்க வந்திருப்பான். உனக்கெப்படித் தெரியும், அவன் மறுத்துட்டு உக்காந்திருந்தான்னு?"

"தெரியும் சார்."

"அதான் எப்படி?"

"அவர் எங்கப்பா."

பென்சில் நின்றது. சார் இழுப்பறையைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்தார். என் டிக்கைப் பார்த்தார். என் பக்கம் திருப்பி வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"நீ சொல்றது அத்தனையும் நெசமாவே இருக்கலாம்மா. ஆனா அதைச் சொல்ல உனக்கு வாய் இல்ல. பொண்ணு அப்பனுக்கு வக்காலத்து வாங்குதுன்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. நீ 'ஆம்'னு போட்டிருந்தா இந்த ஃபைல் வேற ஆள்கிட்டப் போயிருக்கும். அவன் கண்டுபிடிச்சிருந்தா அது கண்டுபிடிப்பு. நீ கண்டுபிடிச்சா அது குடும்பக் கதை."

"வேற ஆள் அந்தப் பதிவேட்டைப் பிரிச்சே பாத்திருக்க மாட்டான் சார்."

"இருக்கலாம்." மறுபடி சீவத் தொடங்கினார். "ஃபைலை அட்டவணைகிட்டக் குடுத்துடு. திங்கக்கிழமை வா. பேசுவோம்."

"வேலை இருக்கா சார்?"

"திங்கக்கிழமைன்னு சொன்னேன்ல."

இருபத்தேழு பெட்டியையும் பக்கத்து மேசைக்கு நகர்த்தினோம். அட்டவணை அண்ணன் அன்று சாயங்காலமே தன் பழக்கப்படி ஒரு தாளில் கட்டம் போட்டு, பதினெட்டு நாளையும் எழுதி, யார் வந்தார்கள் என்று நிரப்பிக்கொண்டிருந்தார். நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இந்த நாப்பத்தொண்ணு யாரும்மா?"

"பட்டியலைப் பாருங்கண்ணா. பக்கத்துலதான் இருக்கு."

அதற்குமேல் நான் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போனேன். வீட்டுக்குப் போகாமல் நேராக அப்பா வேலை பார்க்கும் இடத்துக்கு. ஒரு கடைத்தொகுதியின் அடித்தளத்தில் கார் நிறுத்தும் இடம். சீட்டுக் கொடுக்கும் சின்னக் கூண்டு, ஒரு ஸ்டூல், தலைக்குமேல் சாம்பல் நிறத்தில் தளம். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"என்னம்மா திடீர்னு? லீவா?"

"லீவு மாதிரி."

ஒரு கார் வந்தது. சீட்டுக் கொடுத்தார். போனது.

"அப்பா, நீ ஓடலயே."

"எங்க?"

"ஹாஸ்டல் கட்டடத்துல. பதினெட்டு நாளும் வந்திருக்க. ஏழே முக்காலுக்கு உள்ள, ஆறு மணிக்கு வெளிய. வாட்ச்மேன் எழுதி வெச்சிருக்காரு."

"அந்தாளா?" அப்பா சிரித்துவிட்டார். "சும்மா கிறுக்கிட்டு உக்காந்திருக்கான்னுல்ல நெனச்சேன். நேரம்கூடப் போட்டிருக்கானா? பரவால்லயே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து வருஷம் நான் சுமந்த பேர், அவர் வயிற்றில் அடித்த பேர், அதற்கு இவர் சிரிக்கிறார்.

"சிரிக்காதப்பா. ஏன் என்கிட்டச் சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

"கேட்டேன். நீ சாப்டுட்டு இருந்த. நேரா வந்து கேட்டேன்."

"ஏன் ஓடினன்னு கேட்ட." அவர் கூண்டின் விளிம்பைத் துடைத்தார், அங்கே தூசி எதுவும் இல்லை. "ஓடினியான்னு கேக்கல. நீயே முடிவு பண்ணிட்டு வந்துட்ட. படிச்ச பொண்ணு. அதுக்குமேல நான் என்னத்தச் சொல்றது?"

பின்னால் ஹாரன் அடித்தது. அவர் போய் சீட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். நான் ஸ்டூலில் அப்படியே இருந்தேன். டைரி எழுதினவனை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பிடித்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேனே, அவன் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான். முடிவை முதலில் எழுதிவிட்டு நாளைப் பிறகு நிரப்பியிருந்தோம்.

"உள்ள என்னப்பா பண்ணிட்டு இருந்த, பதினெட்டு நாளா?"

"தளத்துக்கு அடியில உக்காந்திருந்தேன். அடியில ஆள் இருந்தா எவனும் முட்டு உருவ மாட்டான்ல. ஆயிரம் திட்டுவானுங்க, ஆனா உருவ மாட்டானுங்க. பசங்களை நான்தான் போகச் சொன்னேன். வேலை இல்லாம எத்தனை நாள் நிப்பானுங்க?"

"பயமா இல்லயா? பாதி பலம்தானப்பா இருந்துச்சு."

"முட்டு இருக்குற வரைக்கும் என்ன பயம்? நான் வெச்ச முட்டு."

"பொழுது?"

"போச்சு. முட்டு எண்ணுவேன். இருநூத்துப் பன்னெண்டு. சாயங்காலம் ஒரு தரம் எண்ணுவேன், அப்பவும் இருநூத்துப் பன்னெண்டு." சீட்டுப் புத்தகத்தை நேராக நகர்த்தி வைத்தார். "ஞாயித்துக்கிழமைதான் கொஞ்சம் கஷ்டம். கொத்தனாருங்க சத்தம்கூட இருக்காது."

எனக்கு அந்த ஞாயிறு தெரியும். நாள் முழுக்க வாயே திறக்காமல் இருந்தால் தொண்டை எப்படியிருக்கும் என்று தெரியும்.

"அதெல்லாம் விடு," என்றார் திடீரென்று. "வடக்குப் பக்கம் ரெண்டாவது ரூம்ல மேல நடுவுல ஒரு தொய்வு விழுந்துச்சு. முட்டு எடுத்த அன்னிக்கே பாத்தேன். அது இப்ப எப்படியிருக்கு? கூடியிருக்கா?"

"தெரியாதுப்பா."

"கட்டடத்தப் போய்ப் பாக்கல?"

"இல்ல."

"அப்ப இத்தனை நாளா என்னத்தப் பாத்த?"

"பேப்பர்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ரசமட்டத்தில் குமிழ் நடுவில் நிற்காதபோது பார்ப்பாரே, அது.

ஹாஸ்டல் என் அறையிலிருந்து இரண்டே பஸ். சனிக்கிழமை ராத்திரியே திரும்பி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். வார்டன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆபீஸ் பேரைச் சொல்ல இனி எனக்கு வாய் இல்லை. "இந்தத் தளம் எங்கப்பா போட்டது. அதுல ஒரு இடத்தைப் பாக்கணும்" என்றேன். இப்படியொரு பொய்யை யாரும் சொல்ல மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பத்து நிமிஷம் கொடுத்தார்.

இரண்டாம் மாடி, வடக்குப் பக்கம், இரண்டாவது அறை. இரண்டு கட்டில், இரண்டு பெண்கள். ஒருத்தி தலை துவட்டிக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி படுத்தபடி போன் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்து அண்ணாந்து நிற்பதைப் பார்த்து இரண்டு பேரும் அண்ணாந்தார்கள்.

"என்னக்கா, பல்லியா?"

"இல்ல. உங்ககிட்ட நூல் இருக்கா?"

அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஆச்சரியம், முதல் மணியிலேயே எடுத்தார்.

"வந்துட்டியா? நூல் புடி. ரெண்டு செவுத்தோரமும் தளத்துக்கு அடியில மூணு விரல் விட்டு, நூலை இறுக்கிப் புடிக்கணும். நடுவுல எத்தனை விரல் நிக்குதுன்னு பாத்துச் சொல்லு."

ஒருத்தி ஒரு சுவரோரம் மேசைமேல் ஏறினாள், மற்றவள் எதிர்ச் சுவரோரம் அலமாரிமேல். "ஏய், இறுக்கிப் புடிடி." "நீ முதல்ல மூணு விரல் வை, நாலு வெச்சிருக்க." நான் நாற்காலியை நடுவில் போட்டு ஏறினேன். வெள்ளையடித்த தளம் முகத்துக்கு அருகில் வந்தது. கையை மேலே கொண்டுபோய் நூலுக்கும் தளத்துக்கும் நடுவே விரல்களைச் செருகினேன்.

"ரெண்டுப்பா."

மறுமுனையில் ஒரு கார் போகும் சத்தம்.

"ரெண்டா? நல்லாப் பாரு. உன் விரல் மெலிசு."

"ரெண்டுதான். மூணாவது போகல."

"அப்ப ஒரு விரல் தொய்வு." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "அன்னிக்கும் ஒரு விரல்தான். நகரல."

"யாருக்கா போன்ல?" என்றாள் அலமாரிமேல் இருந்தவள். "இன்ஜினியரா?"

"மேஸ்திரி. நீ படுத்திருந்தியே, அந்தக் கட்டிலுக்கு மேல இருக்குற தளத்த நிறுத்தினவரு."

"கை வலிக்குதுக்கா. விட்டுரலாமா?"

"விடுங்க."

நூல் என் தோளில் வந்து விழுந்தது. நான் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. உள்ளங்கையைத் தளத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. நாளைக்கு வேலை இருக்குமா இருக்காதா தெரியாது. அட்டவணை அண்ணன் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார் என்றும் தெரியாது. எங்கள் குடும்பத்துக்கு வெளியே யாரும் அதைப் படிக்காமலே போகலாம்.

"சாப்டியா?" என்றார் அப்பா.

"இல்லப்பா," என்றேன். "இன்னும் சாப்டல."

அவர் போனை வைக்கவில்லை.